இகோர் ஸ்டிமாக்கின் ஐந்து ஆண்டுகள்: இந்தியக் கால்பந்து ரசிகர்கள் ஓயாமல் மோதிக்கொள்ளும் கேள்விகள்

இந்தியக் கால்பந்து அணிக்கு 2019 மே முதல் 2024 ஜூன் வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் குரோஷியாவின் இகோர் ஸ்டிமாக். அவர் போனபின் இரண்டு பயிற்சியாளர்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் இந்திய அணி தோற்கும் ஒவ்வொரு இரவும் அவர் பெயர் மறுபடி இழுக்கப்படுகிறது. ஒரு தரப்புக்கு அவர் பந்தைக் கடத்தி ஆடக் கற்றுக்கொடுத்த மனிதர். மறுதரப்புக்கு வாய் மட்டுமே உள்ள மனிதர். இரு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே தந்திருக்கிறேன்.

இவர் யார்? இந்தியாவுக்கு வரும் முன் என்ன சாதித்தார்?

1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியின் தடுப்பாட்டக்காரர். ஹைடுக் ஸ்பிளிட், டெர்பி கவுன்டி, வெஸ்ட் ஹாம் ஆகிய கிளப்களுக்கு ஆடியவர். 2012இல் குரோஷியாவின் பயிற்சியாளரானார். 2014 உலகக் கோப்பைக்கான பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கு முன்பாகவே அவரை நீக்கி நிக்கோ கோவாச்சைக் கொண்டுவந்தார்கள். இந்தியா அதுவரை வைத்திருந்த பயிற்சியாளர்களோடு ஒப்பிட்டால் ஆட்டக்காரராக இவ்வளவு பெயர் பெற்றவர் குறைவு. பயிற்சியாளராக அப்படிச் சொல்ல முடியாது.

53 ஆட்டங்களில் 19 வெற்றி, 14 சமன், 20 தோல்வி. இது மோசமா, பரவாயில்லையா?

முதலில் இந்தக் கணக்கே எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். பெனால்டி ஷூட்-அவுட்டில் முடிந்த ஆட்டங்களை வெற்றி தோல்வியாகச் சேர்த்தால்தான் இந்த எண்கள் வரும். 2023 தெற்காசிய சாம்பியன்ஷிப்பின் அரையிறுதியில் லெபனானையும் இறுதியில் குவைத்தையும் இந்தியா ஷூட்-அவுட்டில்தான் வீழ்த்தியது. அதே ஆண்டு கிங்ஸ் கோப்பையில் ஈராக்கிடம் ஷூட்-அவுட்டில் தோற்றது. சர்வதேசப் பதிவேடுகள் இவற்றைச் சமன் என்றே குறிக்கும். அந்த வழக்கப்படி கணக்கிட்டால் 17 வெற்றி, 17 சமன், 19 தோல்வி. ஒருவர் 19 என்பார், இன்னொருவர் 17 என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த 17 வெற்றிகள் எங்கே, யாருக்கு எதிராக வந்தன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்து வெற்றிகள் கொல்கத்தா, இம்பால், புவனேஸ்வர், பெங்களூரு என்று சொந்த மண்ணில் வந்தவை. வெளியே வென்ற ஏழில் ஐந்து அண்டை நாடுகளுக்கு எதிரானவை: நேபாளத்தை மூன்று முறை, வங்கதேசத்தையும் மாலத்தீவையும் ஒவ்வொரு முறை. மிச்சம் இரண்டு. 2019 ஜூனில் தாய்லாந்தின் புரிராமில் அனிருத் தாபா அடித்த கோலில் தாய்லாந்தை 1-0 என்று வென்றது ஒன்று. 2023 நவம்பரில் குவைத் நகரில் மன்வீர் சிங் அடித்த கோலில் அதே 1-0 என்று வென்றது மற்றொன்று. ஐந்து ஆண்டுகளில் தெற்காசியாவுக்கு அப்பாற்பட்ட ஓர் அணியை அயல் மண்ணில் வென்றது இவ்வளவுதான். வெற்றி சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் நான் இந்த இரண்டைத்தான் காட்டுவேன்.

கத்தாரில் போய் 0-0 என்று சமன் செய்தோமே, அதைச் சொல்ல மாட்டீர்களா?

சொல்லியே ஆக வேண்டும். 2019 செப்டம்பர் 10, தோஹா. அந்த ஆண்டு ஜனவரியில்தான் கத்தார் ஆசிய சாம்பியன் ஆகியிருந்தது. காய்ச்சலால் கேப்டன் சுனில் சேத்ரி ஆடவில்லை. குர்பிரீத் சிங் சாந்து கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றார். கத்தார் இருபதுக்கும் மேற்பட்ட ஷாட்டுகளை அடித்தது. ஒன்றுகூட வலைக்குள் போகவில்லை. இந்தியக் கால்பந்தில் அண்மைக்காலத்தில் நடந்த பெரிய இரவுகளில் அது ஒன்று.

அடுத்த மாதம் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தரவரிசையில் 187-ஆவது இடத்தில் இருந்த வங்கதேசம் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்துக்கு வந்து முதலில் கோல் அடித்தது. அறுபதாயிரம் பேர் கூடியிருந்த அரங்கில் 88-ஆவது நிமிடத்தில் ஆதில் கான் தலையால் முட்டி மானத்தைக் காப்பாற்றினார். பலமான அணி முன்னேறி வரும்போது பின்னால் குவிந்து நின்று தாக்குப்பிடிக்க இந்த அணிக்குத் தெரியும். எதிரணி அப்படிக் குவிந்து நின்றால் அதைத் திறக்கத் தெரியாது. ஐந்து ஆண்டுகளும் இந்தக் கதைதான் வெவ்வேறு ஊர்களில் நடந்தது.

முந்தைய பயிற்சியாளர் கான்ஸ்டன்டைன் காலத்து ஆட்டத்தைவிட இது மேலானதுதானே?

பார்ப்பதற்கு மேலானது. ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் 4-4-2 அமைப்பில் இரண்டு இறுக்கமான வரிசைகளை நிறுத்துவார். பந்து கிடைத்ததும் நீளமாக முன்னே போகும். சேத்ரியும் இன்னொருவரும் துரத்துவார்கள். கண்ணுக்கு விருந்தில்லை. ஆனால் 2015இல் 173-ஆவது இடத்துக்குச் சரிந்த அணி 2017 ஜூலையில் 96-ஆவது இடத்துக்கு ஏறியது அவர் காலத்தில்தான். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று வென்றதும் அவர் காலத்தில்தான்.

ஸ்டிமாக் அந்த ஆட்டமுறையைத் தூக்கி எறிந்தார். கோல்கீப்பரிடமிருந்தே தரையோடு பந்து வர வேண்டும், நடுக்களத்தில் முக்கோணங்கள் அமைய வேண்டும், பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரர்கள் மேலேறிப் போக வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கேற்ற ஆட்களையும் கண்டெடுத்தார். 2021 மார்ச்சில் ஓமனுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் பத்துப் பேர் அறிமுகமானார்கள். நான்கு நாள் கழித்து துபாயில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் 6-0 என்று அடி வாங்கியதும் அந்தச் சோதனையின் பகுதியே. அதை நான் பெரிய குற்றமாக எண்ணவில்லை; நட்புறவு ஆட்டங்கள் வேறு எதற்கு?

அவர் கேட்டது கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கோல் போதும். 2023 தெற்காசிய சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி, பெங்களூரு கண்டீரவா அரங்கம். குவைத் 1-0 என்று முன்னே. 38-ஆவது நிமிடத்தில் ஆஷிக் குருனியன் சேத்ரியிடம் பந்தைத் தருகிறார். சேத்ரி நிமிராமலே தடுப்பாட்டக்காரர்களுக்கு இடையே சஹலுக்குச் செலுத்துகிறார். சஹல் குறுக்கே தள்ளிவிட, சாங்டே வலைக்குள் அனுப்புகிறார். இந்திய அணி அதற்கு முன் எத்தனை முறை இப்படி ஒரு கோல் அடித்திருக்கிறது? ஸ்டிமாக் ரசிகர்கள் இன்னும் அந்தக் காட்சியைப் பகிர்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பின்னல் பெனால்டி பகுதியின் விளிம்பு வரை மட்டுமே வந்து நின்ற ஆட்டங்கள்தான் அதிகம் என்பதிலும் நியாயம் இருக்கிறது.

2023இல் வென்ற கோப்பைகள் வெறும் காட்சிதானா?

அப்படிச் சொல்வது அநியாயம். இம்பாலில் முத்தரப்புத் தொடர், புவனேஸ்வரில் கண்டங்களுக்கு இடையிலான கோப்பை, பெங்களூருவில் தெற்காசிய சாம்பியன்ஷிப் என்று மூன்று கோப்பைகள். தொடர்ந்து 11 ஆட்டங்களில் தோல்வியில்லை. அவற்றில் முதல் எட்டில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. முதலில் வாங்கியதும் அன்வர் அலி காலில் பட்டுச் சொந்த வலைக்குள் போனது. ஜூலையில் ஃபிஃபா தரவரிசையில் 99-ஆவது இடம். இதையெல்லாம் தூசி தட்டுவதுபோல் தட்டிவிட முடியாது.

அதேசமயம் அந்த 11 ஆட்டங்களும் இந்தியாவில் நடந்தவை. மூன்று லெபனானோடு, இரண்டு குவைத்தோடு. வெளியே போனதும் காற்று இறங்கியது. கிங்ஸ் கோப்பையில் ஈராக்கை 2-2 என்று நிறுத்தியது நல்ல ஆட்டம். அடுத்து லெபனானிடம் 0-1, மெர்டேகா கோப்பையில் மலேசியாவிடம் 2-4. தரவரிசை எண் ஏறும்போது அது பயிற்சியாளரின் சாதனை, இறங்கும்போது அது வெறும் எண் என்று பேசுவதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். அவர் போனபோது இந்தியா 124-ஆவது இடத்தில் இருந்தது.

இத்தனை சிவப்பு அட்டைகள் ஒரு பயிற்சியாளருக்கு அழகா?

இல்லை. 2023 தெற்காசிய சாம்பியன்ஷிப்பில் பாகிஸ்தானுக்கு எதிராக 4-0 என்று வென்ற ஆட்டத்தில், பக்கவாட்டிலிருந்து பந்தை எறிய நின்ற பாகிஸ்தான் ஆட்டக்காரரின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். அணி அப்போது 2-0 என்று முன்னே இருந்தது. யாருக்கு என்ன அவசரம்? அதே தொடரில் குவைத்தோடு லீக் ஆட்டத்தில் மறுபடியும் வெளியேற்றப்பட்டார். விளைவாக அரையிறுதியிலும் இறுதியிலும் அவர் மைதான ஓரத்தில் நிற்க முடியாமல் உதவிப் பயிற்சியாளர் மகேஷ் காவ்லிதான் அணியை நடத்தினார். கோப்பையும் கிடைத்தது. அவர் எதிர்ப்பாளர்களுக்கு அதைவிட இனிப்பான செய்தி வேறு வேண்டுமா?

2024 ஆசியக் கோப்பையில் ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பினோம். யார் பொறுப்பு?

ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்றையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இடைவேளை வரை 0-0. 16-ஆவது நிமிடத்தில் சேத்ரி தலையால் முட்டிய பந்து கம்பத்துக்கு வெளியே போனது. தோற்றாலும் திட்டம் தெரிந்தது. உஸ்பெகிஸ்தானிடம் முதல் பாதியிலேயே மூன்று கோல்கள். அங்கே தடுப்பாட்டம் திறந்த வீடாகக் கிடந்தது. சிரியா ஆட்டம்தான் வலிப்பது. அதை வென்றிருந்தால் மூன்றாம் இடத்து அணிகளில் ஒன்றாக அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு இருந்தது. 76-ஆவது நிமிடத்தில் கோல் வாங்கிவிட்டு வெளியேறினோம்.

ஸ்டிமாக் தரப்பின் வாதம் இது: நான்கு வார முகாம் கேட்டார், கிடைத்தது ஏறத்தாழ இரண்டு வாரம். அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் குருனியன் மூவரும் காயத்தால் வரவில்லை. இரண்டும் உண்மை. ஜீக்சன் இல்லாத நடுக்களம் மெலிந்துபோனதை எவரும் பார்த்திருக்கலாம். ஆனால் காயம் எல்லா அணிகளுக்கும் உண்டு. முகாம் குறைவு என்று முன்கூட்டியே தெரிந்த பயிற்சியாளர், குறைந்த நாளில் பழகக்கூடிய எளிய திட்டத்தை எடுக்கக் கூடாதா? கிளப்பில் பத்து மாதம் பழக வேண்டிய ஆட்டமுறையைத் தேசிய அணியில் இரண்டு வாரத்தில் கொண்டுவர முயல்வதும், முடியாதபோது நாட்களைக் குறை சொல்வதும் அவருடைய நிரந்தரச் சிக்கல்.

ஸ்ட்ரைக்கர் இல்லாத நாட்டில் எந்தப் பயிற்சியாளர் என்ன செய்துவிட முடியும்?

நியாயமான கேள்வி. இந்தியாவின் முதன்மை லீக்கான ஐ.எஸ்.எல்.லில் கிளப்கள் களத்தில் நான்கு வெளிநாட்டவரை இறக்கலாம். அவர்களில் ஒருவர் பெரும்பாலும் ஸ்ட்ரைக்கராக இருப்பார். இந்திய முன்களக்காரர்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுவார்கள், இல்லையேல் பெஞ்சில் இருப்பார்கள். மன்வீர் சிங் மோகன் பகானில் பெரும்பாலும் வலப்புற விங்கர். சேத்ரியே பெங்களூரு எஃப்.சி.யில் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் மிக்குவுக்கு நடுவை விட்டுக்கொடுத்து ஓரத்தில் ஆடிய பருவம் உண்டு. ஆண்டு முழுக்க விங்கராக ஆடியவரை அழைத்துவந்து பத்து நாளில் ஸ்ட்ரைக்கராக்கு என்றால் எவரும் திணறுவார்.

ஆக, சேத்ரியின் வயது ஏறிக்கொண்டே போனது. கோல் பட்டியலில் அவர் பெயரே வந்துகொண்டிருந்தது. ஸ்டிமாக் இஷான் பண்டிதா, ரஹீம் அலி என்று பலரை முயன்றார். யாரையும் தொடர்ந்து நம்பவில்லை. இங்கே மட்டும் நான் அவரைப் பாதி மன்னிப்பேன்.

உண்மையில் அவர் பதவி எங்கே போயிற்று?

குவாஹாட்டியில். தோஹாவில் என்று பலர் சொல்வார்கள்; நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2026 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் இரண்டாம் கட்டத்தில் கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றோடு இந்தியா ஒரே பிரிவில் இருந்தது. முதல் இரண்டு அணிகளுக்கு அடுத்த கட்டம். இதைவிட இளகிய பிரிவு அமைவது அரிது. குவைத்தை அதன் ஊரிலேயே வென்று தொடங்கியாயிற்று. மூன்றாம் கட்டத்துக்குப் போகாவிட்டால் விலகுவேன் என்று ஸ்டிமாக்கே சவால் விட்டிருந்தார். 2024 மார்ச் 21 அன்று சவூதியின் அபா நகரில் ஆப்கானிஸ்தானோடு 0-0. ஐந்து நாள் கழித்து குவாஹாட்டியில் மறு ஆட்டம்.

அது சேத்ரியின் 150-ஆவது சர்வதேச ஆட்டம். 38-ஆவது நிமிடத்தில் பெனால்டியில் தன் 94-ஆவது கோலை அடித்தார். ஆப்கானிஸ்தானின் முன்னணி ஆட்டக்காரர்கள் சிலர் தங்கள் சம்மேளனத்தோடு பூசலிட்டு வராமல் இருந்த நேரம். எதிரே நின்றது அரைகுறை அணி. அப்போதும் இரண்டாவது கோலைத் தேடிப் போகாமல், இருக்கும் ஒன்றைக் காக்கவும் தெரியாமல் இந்தியா நடுவில் தடுமாறியது. 70-ஆவது நிமிடத்தில் ரஹ்மத் அக்பரி சமன் செய்தார். 88-ஆவது நிமிடத்தில் பெனால்டி. ஷரீப் முகம்மது அடித்தார். 1-2. அரங்கில் பயிற்சியாளருக்கு எதிரான கோஷம் எழுந்தது.

88 என்ற அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்ப் பாருங்கள். அவருடைய முதல் தகுதிச்சுற்று ஆட்டம் 2019 செப்டம்பரில் இதே குவாஹாட்டியில்தான் நடந்தது. ஓமனுக்கு எதிராக சேத்ரி கோலில் முன்னே இருந்து, கடைசி பத்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கி அதே 1-2. பெங்களூருவில் குவைத்தோடு லீக் ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் சமன். சிரியாவிடம் 76-ஆவது நிமிடம். கடைசியாக தோஹாவில் கத்தாரிடம் 73, 85-ஆவது நிமிடங்கள். இத்தனையும் இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் நாட்காட்டியால் வந்ததா? கடைசி இருபது நிமிடத்தில் யாரை இறக்குவது, எப்போது வரிசையைப் பின்னிழுப்பது, யார் பந்தை வைத்துக்கொண்டு நேரம் கடத்துவது என்பதெல்லாம் பயிற்சியாளர் ஒருவர் கையில் மட்டுமே உள்ள வேலை. அதில் 2019க்கும் 2024க்கும் இடையே எந்த மாற்றத்தையும் நான் காணவில்லை. அவர்மேல் எனக்குள்ள வழக்கு இதுதான். சிவப்பு அட்டையும் வாய்ப்பேச்சும் அதற்குப் பிறகுதான்.

தோஹாவில் நம்மை ஏமாற்றினார்களே?

ஏமாற்றம்தான், மறுப்பதற்கில்லை. 2024 ஜூன் 11. சேத்ரி விடைபெற்று ஐந்து நாள் ஆகியிருந்தது. வென்றால் அடுத்த கட்டம் உறுதி. சாங்டே 37-ஆவது நிமிடத்தில் அடித்த கோலில் இந்தியா முன்னே. 73-ஆவது நிமிடத்தில் குர்பிரீத் தடுத்த பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. கத்தார் ஆட்டக்காரர் அதைக் காலால் இழுத்து உள்ளே கொண்டுவர, யூசுப் அய்மன் வலைக்குள் தள்ளினார். குர்பிரீத் தரையில் கிடந்தபடி ஆட்டம் நின்றுவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தார். நடுவர் கோல் கொடுத்தார். அந்தக் கட்டத்தில் காணொளி நடுவர் முறை இல்லை. பிறகு 85-ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோல்.

அந்த முடிவு அப்பட்டமான தவறு. ஆனால் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்ட கத்தார் அன்று இளம் ஆட்டக்காரர்களைத்தான் இறக்கியிருந்தது. சமனான பின்னும் இருபது நிமிடம் இருந்தது. குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானை வென்றிருந்தால் தோஹா ஆட்டத்துக்கு முன்பே அடுத்த கட்டம் உறுதியாகியிருக்கும். ஆறு ஆட்டங்களில் மூன்றே கோல் அடித்த அணி நடுவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஜோதிடரிடம் கேட்டு அணியைத் தேர்ந்தெடுத்தார் என்பது உண்மையா?

2022இல் ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டங்களின்போது ஆட்டக்காரர்களின் விவரங்களை ஒரு ஜோதிடரோடு பகிர்ந்துகொண்டார் என்று ஆங்கில நாளேடு ஒன்று 2023 செப்டம்பரில் செய்தி வெளியிட்டது. ஜோதிடரை அறிமுகம் செய்ததே சம்மேளனத்தின் அப்போதைய உயர் அதிகாரி என்றும் அந்தச் செய்தி சொன்னது. குரோஷியாவிலிருந்து வந்தவருக்குக் கிரகம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது நம் ஆட்கள்தான் என்றால் சிரிப்பதா அழுவதா? இதை வைத்து அவருடைய ஆட்ட உத்தியை எடைபோடுவது வீண் வேலை.

அப்படியானால் சம்மேளனத்துக்குப் பழியே இல்லையா?

நிறைய உண்டு. 2022 ஆகஸ்ட்டில் ஃபிஃபாவின் தடையில் கிடந்த சம்மேளனம் அது. 2023 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு, கிளப்களோடு இழுபறி முடிந்து அணி ஹாங்சோவில் இறங்கிய மறுநாளே சீனாவோடு ஆட்டம், 1-5. அதன் பிறகும் 2023 அக்டோபரில் அவர் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தார்கள். எட்டே மாதத்தில், 2024 ஜூன் 17 அன்று, நீக்கினார்கள். இடையில் வந்த கடைசி எட்டு ஆட்டங்களில் வெற்றி இல்லை, கோல் இரண்டு. நீக்கியதில் தவறில்லை, நீட்டித்த விதம்தான் கேலிக்கூத்து. வழக்கு ஃபிஃபா வரை போய், கடைசியில் நான்கு லட்சம் டாலர் தருவதாகச் சமரசம் ஆனது.

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களை அவர் புறக்கணித்தாரா?

வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல ஆதாரமில்லை. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அவருடைய தொடக்க மாதங்களில் இந்தியாவுக்கு ஆடினார். பின்னர் முழங்கால் காயம் அவரை நெடுநாள் உட்காரவைத்துவிட்டது. சென்னையின் நந்தகுமார் சேகர் 2023இல் வாய்ப்புப் பெற்றார். அதே ஆகஸ்ட்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை வீழ்த்திய ஈஸ்ட் பெங்கால் கோல் அவருடையதுதான். இன்னும் கூடுதலாக ஆடவிட்டிருக்கலாம் என்பது என் ஆசை. ஓர ஆட்டக்காரர்களான சாங்டேவையும் நௌரெம் மகேஷ் சிங்கையும் தாண்டி யாரை உட்காரவைப்பது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவர் போனபின் நிலைமை முன்னேறியதா?

இல்லை. மனோலோ மார்க்கெஸ் வந்தார். அவர் காலத்தில் கிடைத்த ஒரே வெற்றி 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிரானது. ஓய்விலிருந்து திரும்பி வந்த சேத்ரி அந்த ஆட்டத்திலும் கோல் அடித்தார். ஜூனில் ஹாங்காங்கிடம் கூடுதல் நேரப் பெனால்டியில் தோற்றபின் மனோலோ விலகினார். ஆகஸ்ட்டில் காலித் ஜமில் பொறுப்பேற்றார். மத்திய ஆசிய நாடுகளின் கோப்பைத் தொடரில் தஜிகிஸ்தானை அதன் ஊரிலேயே 2-1 என்று வென்று, ஓமனை ஷூட்-அவுட்டில் வீழ்த்தி மூன்றாம் இடம் பிடித்தபோது இந்தியப் பயிற்சியாளரே போதும் என்று கொண்டாடினார்கள். அக்டோபரில் கோவாவில் சாங்டே கோல் அடித்து முன்னே இருந்தும் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போய்விட்டது. ஸ்டிமாக் இருந்திருந்தால் தகுதி பெற்றிருப்போம் என்று அன்றிரவே அவர் ரசிகர்கள் தொடங்கிவிட்டார்கள். முன்னே இருந்து 1-2 என்று தோற்பதை அவரிடம் மூன்று முறை பார்த்தவர்கள் பேசும் பேச்சா அது!